கேம் விளையாட எந்த நெட் கனெக்ஷன் எடுக்கலாம்? 'ஸ்பீடு' பார்த்து ஏமாறாதீங்க!

சென்னை,

"நெட்டு சரியில்லப்பா, 300 எம்.பி. பிளானுக்கு மாத்து" என்று வீட்டில் பையன் கத்துவது இப்போது சென்னையில் எந்த தெருவுக்குப் போனாலும் கேட்கிற சத்தம் ஆகிவிட்டது. ஆட்டோ ஓட்டும் அப்பாவும் தினம் தினம் இந்த சண்டை எதுக்கு என்று மாசம் 500 ரூபாய் கட்டிய இடத்தில் 1,000 ரூபாய் கட்டிவிடுகிறார். மறுநாள் ராத்திரி 9 மணிக்குப் பார்த்தால் மறுபடியும் அதே கத்தல். 'லேக்' அடிக்குதாம்!

காசும் போச்சு, நிம்மதியும் போச்சு. ஏன் இப்படி?

கேம் திக்கித் திக்கி ஓடுவதற்கும் பிளானில் போட்டிருக்கும் வேகத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. கேமுக்கு வேண்டிய சமாசாரம் வேறு. அதற்குப் பெயர் 'பிங்'. இதை மட்டும் புரிந்துகொண்டால் குறைந்த பிளானிலேயே நிம்மதியாக விளையாடலாம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

தண்ணி லாரியும் குடமும்

நெட் கம்பெனி நோட்டீசில் 100 எம்.பி.பி.எஸ்., 200 எம்.பி.பி.எஸ். என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். (டாக்டர் படிப்பு இல்லை, வேகத்தின் அளவு.) ஒரு வினாடியில் எவ்வளவு சரக்கு வந்து இறங்கும் என்பதைத்தான் இது சொல்கிறது.

தண்ணி லாரி 9 ஆயிரம் லிட்டர் கொண்டு வரும். ஆனால் போன் போட்டு சொன்னபிறகு எப்ப வரும் என்று யாருக்கும் தெரியாது. தெருமுனை அடிபம்பில் ஒரு குடம்தான் பிடிக்க முடியும். ஆனால் போனதும் வந்துவிடலாம். சினிமா பார்க்க லாரி வேண்டும். கேமுக்கு அடிபம்பு போதும்.

ஆன்-லைன் கேமில் ஒருவர் சுடும்போது 'இவன் இங்கே நிற்கிறான், இந்த பக்கம் சுட்டான்' என்கிற துளியூண்டு தகவல்தான் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து பதிலும் துளியூண்டுதான். செல்போன் கேம்களில் மணிக்கணக்கில் சண்டை போட்டாலும் ஓடும் டேட்டா ரொம்ப குறைவு. அதே ஒரு மணி நேரம் எச்.டி. படம் பார்த்தால் ஒரு ஜி.பி.க்கு மேல் காலி. ஆகவே கேம் ஓட 300 எம்.பி.பி.எஸ். தேவையே இல்லை.

அந்த துளி தகவல் சர்வருக்குப் போய் திரும்பி வர ஆகும் நேரம்தான் பிங். மில்லி செகண்டில் சொல்வார்கள். 1,000 மில்லி செகண்ட் சேர்ந்தது ஒரு வினாடி. கேம் ஓடும்போது ஸ்கிரீன் மூலையில் 35 எம்.எஸ்., 90 எம்.எஸ். என்று ஒரு நம்பர் மின்னுமே, அதேதான்.

பிங் 50-க்குள் இருந்தால் பிரமாதம். 80 வரை தொந்தரவு இல்லை. 100-ஐ தாண்டினால் சுடுகிற ஆட்டத்தில் வித்தியாசம் தெரியும். 150-க்கு மேல் என்றால் எதிராளியை குறிபார்த்து சுடுவீர்கள், ஆனால் அவன் அதற்குள் சுவருக்குப் பின்னால் போயிருப்பான். நீங்கள் பார்ப்பது அவன் நின்ற இடம், நிற்கிற இடம் அல்ல. செஸ், லூடோ மாதிரி ஆட்டங்களுக்கு பிங் 200 இருந்தால்கூட யாரும் கவலைப்பட வேண்டாம்.

29சி பஸ் மாதிரி

பிங் அதிகமாக இருப்பதை விட மோசமான விஷயம் ஒன்று உண்டு. அது நிலையில்லாமல் குதிப்பது. 29சி பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தால் யாரும் திட்டுவதில்லை. நாற்பது நிமிஷம் வராமல், அப்புறம் மூணு பஸ் ஒண்ணா வந்தால்தான் ஸ்டாப்பிங்கில் நிற்பவர்களுக்கு பொத்துக்கொண்டு வரும். நெட்டிலும் அதே கதை. எப்போதும் 70-லேயே நிற்கும் லைனில் விளையாடிவிடலாம். 25-ல் இருந்து திடீரென்று 220-க்கு எகிறி மறுபடி 25-க்கு வரும் லைனில் விளையாட முடியாது. இந்த குதியாட்டத்துக்கு 'ஜிட்டர்' என்று பெயர்.

மூணாவது வில்லன், தகவல் வழியிலேயே காணாமல் போவது. நூறில் ஒண்ணு ரெண்டு தொலைந்தாலே ஆட்டக்காரர் இங்கிருந்து அங்கே தாவுவார், சுட்ட குண்டு கணக்கில் வராது.

இந்த மூன்றையும் எந்த கம்பெனி நோட்டீசிலும் போடுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சர்வர் எங்கே இருக்குது?

கண்ணாடி இழையான பைபரில் ஒளி வினாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இதைவிட வேகமாக ஓட்ட எந்த கம்பெனியாலும் முடியாது. எனவே சர்வர் தூரத்தில் இருந்தால் பிங் ஏறத்தான் செய்யும்.

சென்னையில் இருந்து சிங்கப்பூருக்கு 2002-ம் ஆண்டு கடலுக்கு அடியில் போடப்பட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோ மீட்டர். போக வர 6,400. ஒளிக்கே இதற்கு 32 மில்லி செகண்ட் ஆகும். நடுவில் உள்ள கருவிகள், வீட்டு ரூட்டர், தெரு லைன் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். மும்பை இதைவிட பக்கம். ஐரோப்பா சர்வர் என்றால் 100-ஐ தாண்டிவிடும்.

'வாலரன்ட்' ஆட்டத்துக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. 'கவுன்ட்டர் ஸ்டிரைக்' நடத்தும் வால்வ் கம்பெனிக்கு மும்பையுடன் சென்னையிலும் சர்வர் இருப்பதால் நம்மூர் பசங்களுக்கு கொண்டாட்டம். பல கேம்களில் 'ரீஜன்' என்ற இடத்தில் சர்வரை நாமே தேர்ந்தெடுக்கலாம். வெளிநாட்டு நண்பருடன் ஆட வேண்டும் என்று அமெரிக்கா சர்வரைப் போட்டுவிட்டு, மறந்துபோய் மாசக்கணக்கில் நெட்காரரை திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள். பைசா செலவில்லாத ரிப்பேர் இது!

தூரம் மட்டும் இல்லை, வழியும் முக்கியம். அண்ணா நகரில் இருந்து எழும்பூர் போக தாம்பரம் சுற்றிப் போனால் எப்படி இருக்கும்? சில ஆபரேட்டர்களின் லைனில் தகவல் அப்படித்தான் ஊரைச் சுற்றும். ஒரு கம்பெனி டிராபிக்கை இன்னொரு கம்பெனியுடன் உள்நாட்டிலேயே மாற்றிக்கொள்ள 'நிக்சி' என்ற இன்டர்நெட் சந்திப்பு மையம் 2003-ல் ஏற்படுத்தப்பட்டது. சென்னையிலும் இதற்கு மையம் உள்ளது. இப்படிப்பட்ட சந்திப்புகளில் நன்றாக இணைந்திருக்கும் ஆபரேட்டரிடம் பிங் குறைவாக இருக்கும். இணையாதவரிடம் 500 எம்.பி.பி.எஸ். எடுத்தாலும் சுற்றுவழிதான். ஒரே தெருவில் ரெண்டு கம்பெனி லைனில் ஒரே கேமுக்கு பிங் வேறு வேறாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பைபரா, ஏர் பைபரா, செல்போன் நெட்டா?

வீடு வரைக்கும் பைபர் வந்தால் அதுதான் முதல் சாய்ஸ். சந்தேகமே வேண்டாம். பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ, ஆக்ட் என்று பெரிய கம்பெனிகளும் உண்டு, ஏரியா கேபிள்காரர் தரும் லைனும் உண்டு. கிராமங்களுக்கு பாரத்நெட் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளை பைபர் மூலம் இணைக்கும் வேலையை டான்பிநெட் நிறுவனம் எடுத்துச் செய்கிறது.

ஏரியா கேபிள்காரர் என்றால் இளக்காரமாக நினைக்க வேண்டாம். லைன் அறுந்தால் போன் போட்ட அரை மணியில் ஏணியோடு வந்து நிற்பவர் அவர்தான். சிலர் நல்ல இடத்தில் இருந்து லைன் வாங்கி பிங்கையும் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். சிலர் நூறு வீட்டுக்கு போதுமான லைனை முன்னூறு வீட்டுக்கு பிரித்துக் கொடுத்து ராத்திரி ஆனால் போனை எடுக்க மாட்டார்கள். ஆளைப் பொறுத்த விஷயம்.

சில லைன்களில் தெருக்கம்பம் வரை பைபர் வந்து, அங்கிருந்து வீட்டுக்கு சாதா லேன் ஒயர் வரும். 'எங்களுடையதும் பைபர்தான் சார்' என்பார்கள். வீட்டுக்குள் வரும் ஒயர் மெல்லிசான கண்ணாடி இழையா, எட்டு செம்புக் கம்பி உள்ள லேன் ஒயரா என்று கேட்டுவிடுங்கள். லேன் ஒயர் மோசம் இல்லை. ஆனால் மொட்டை மாடி வெயிலிலும் மழையிலும் கிடந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

அடுத்தது ஏர் பைபர். பெயரில்தான் பைபர், உண்மையில் இது 5ஜி டவரில் இருந்து காற்றில் வரும் நெட். ஜியோ 2023 செப்டம்பரில் சென்னை உள்பட 8 நகரங்களில் இதை ஆரம்பித்தது. அடிக்கடி வாடகை வீடு மாறுபவர்களுக்கும், ஒயர் இழுக்க ஹவுஸ் ஓனர் விடாத இடத்துக்கும் வசதி. படம் பார்க்க அருமை. கேமுக்கு சுமார். டவரில் கூட்டம் சேர்ந்தால் பிங் குதிக்கும்.

செல்போன் டேட்டா கடைசி இடம். சிக்னல் முழுசாக இருந்து, டவரில் கூட்டம் இல்லாமல் இருந்தால் 5ஜி-யில் நன்றாகவே விளையாடலாம். ஆனால் ராத்திரி 8 மணியில் இருந்து 11 மணி வரை ஏரியா மொத்தமும் போனை நோண்டும். ஒரு ஓட்டு வீட்டில் ஜன்னல் பக்கம் ஒரு பிங், அடுப்படியில் ஒரு பிங். தினமும் ஒரு மணி நேரம் விளையாடும் பையனுக்கு அதுவே போதும். அதற்காக தனி கனெக்ஷன் இழுப்பது அதிகம்தான்.

பக்கத்து வீட்டில் கேளுங்க

கனெக்ஷன் எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய ஒரே வேலை இதுதான். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. அதே தெருவில் அதே கம்பெனி லைன் வைத்திருக்கும் வீட்டுக்கு ராத்திரி 9 மணிக்கு போய், அவர்கள் வைபையில் நம்ம போனை போட்டு, நம்ம கேமை ஒரு ரவுண்டு விளையாட வேண்டும். மூலையில் இருக்கும் நம்பரை மட்டும் பாருங்கள். பகல் 11 மணிக்கு எந்த லைனும் நன்றாகத்தான் இருக்கும்.

நெட்காரர் வந்து 'ஸ்பீடு டெஸ்ட்' போட்டு 3 எம்.எஸ். என்று காட்டுவார். அதில் ஏமாறக்கூடாது. அந்த டெஸ்ட் பெரும்பாலும் உங்களுக்கு மிகப்பக்கத்தில் உள்ள சர்வரைப் பிடிக்கும். சில நேரம் அது அதே கம்பெனியின் சர்வராகவே இருக்கும். தன் வீட்டு வாசலில் இருந்து திண்ணைக்கு நடந்துவிட்டு ஊர்வலம் போய் வந்ததாகச் சொல்வது மாதிரி. கேம் சர்வர் வரைக்கும் போய் வரும் நேரம்தான் கணக்கு.

கம்ப்யூட்டர் இருந்தால் 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு 8.8.8.8 போட்டு என்டர் தட்டலாம். நாலு வரி வரும். நம்பர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தால் லைன் நலம். ஒன்று 20, ஒன்று 180 என்றால் எங்கேயோ தகராறு. அது வீட்டிலேயே இருக்கலாம்.

குற்றவாளி வீட்டுக்குள்ளே!

பாதி பிரச்சினைக்கு காரணம் வைபைதான். ஹாலில் ரூட்டர், உள்ரூமில் பையன், நடுவில் செங்கல் சுவர். மேல்மாடி, கீழ்மாடி, எதிர்வீடு எல்லாரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைபை ஓட்டுவதால் அங்கே சந்தைக்கூட்டம். மைக்ரோவேவ் ஓவன், புளூடூத்கூட அதே அலைவரிசையில்தான் வேலை செய்கின்றன. ரூட்டரில் 5ஜி என்று முடியும் இன்னொரு வைபை பெயர் தெரிந்தால் அதில் மாறிக்கொள்ளலாம். செல்போன் டவர் 5ஜி வேறு, இது 5 கிகாஹெர்ட்ஸ் வைபை. சுவர் தாண்டி அவ்வளவாக வராது, ஆனால் ஒரே ரூமில் இருந்தால் கூட்டம் குறைவு.

கம்ப்யூட்டர், பிளே ஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் ரிச்சி தெருவுக்குப் போய் கேட்-6 லேன் ஒயர் வாங்கி ரூட்டரில் இருந்து நேராக குத்திவிடலாம். 300 எம்.பி.பி.எஸ். பிளானுக்கு மாசாமாசம் கூடுதலாக அழுவதைவிட ஒரு தடவை வாங்கும் இந்த ஒயர் எவ்வளவோ மேல். 2000-களில் பிரவுசிங் சென்டர்களில் வாலிபர்கள் விடிய விடிய 'கவுன்ட்டர் ஸ்டிரைக்' ஆடியது ஞாபகம் இருக்கலாம். அப்போது வந்த இன்டர்நெட் வேகம் இன்றைக்கு சிரிப்பு வரவைக்கும். ஆனாலும் லேக் இல்லை. ஏனென்றால் ஆட்டம் இன்டர்நெட்டில் ஓடவில்லை, அந்த ரூமுக்குள்ளேயே கம்ப்யூட்டர்களை இணைத்த ஒயரில் ஓடியது.

இன்னொரு குற்றவாளி, அதே நேரத்தில் வீட்டில் நடக்கும் வேலை. அக்கா போனில் இருந்து கல்யாண வீடியோ கூகுள் போட்டோசுக்கு ஏறும். டி.வி.யில் சீரியல் ஓடும். ரூட்டரில் சரக்கு வரிசையாகத் தேங்கி, கேமின் துளி தகவல் பின்னால் மாட்டிக்கொள்ளும். கேம் ஆடும் நேரம் பெரிய அப்லோடு, டவுன்லோடை நிறுத்தி வைத்தாலே பிங் இறங்கிவிடும். ரூட்டரில் 'கியூ.ஓ.எஸ்.' வசதி இருந்தால் கேமுக்கு முதல் மரியாதை கொடுக்கச் சொல்லி வைக்கலாம்.

சில சமயம் நெட்டின் மேல் பழியே கூடாது. பிங் நம்பர் பச்சையில் 40 என்று நிற்கிறது, ஆனால் படம் திக்குகிறது, போன் கையை சுடுகிறது என்றால் அது போனின் மூச்சுத்திணறல். எத்தனை ஆயிரத்துக்கு நெட் போட்டாலும் சரியாகாது. நம்பர் சிவப்பாகி ஆள் தாவினால்தான் நெட் கோளாறு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் பிளானை ஏற்றியவர்கள் ஏராளம்.

எவ்வளவு பிளான் போதும்?

நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவர் கேம், ஒருவர் டி.வி., மற்றவர் போன் என்றால் 40 அல்லது 50 எம்.பி.பி.எஸ். தாராளம். பெரிய வேகம் உதவுவது கம்ப்யூட்டர் கேமை இறக்கும்போதுதான். 60 ஜி.பி. கேமை இறக்க 40 எம்.பி.பி.எஸ்.ல் சுமார் 3 மணி 20 நிமிஷம். 100-ல் ஒன்றேகால் மணிக்கு கொஞ்சம் மேல். ராத்திரி போட்டுவிட்டு தூங்கினால் ரெண்டும் ஒண்ணுதான்.

விளையாடுவதை யூ டியூப்பில் லைவாகக் காட்டுபவர்கள் மட்டும் அப்லோடு வேகத்தைக் கேட்க வேண்டும். 5 முதல் 10 எம்.பி.பி.எஸ். விடாமல் கிடைத்தால் போதும். செல்போன் நெட்டிலும் ஏர் பைபரிலும் அப்லோடு பெரும்பாலும் டவுன்லோடைவிட ரொம்ப குறைவாக இருக்கும்.

'கேமிங் பிளான்' என்று பெயர் வைத்து கூட 200 ரூபாய் கேட்டால், பிங் எவ்வளவு குறையும் என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சு நின்றுவிடும். எட்டு ஆன்டெனா வைத்த சிவப்பு கலர் ரூட்டர், பிங் குறைக்கும் ஆப் இதெல்லாமும் அப்படித்தான். வீட்டுக்கு வெளியே உள்ள வழியை ரூட்டரால் மாற்ற முடியாது. ஆப் சில சமயம் வேறு வழியில் திருப்பிவிட்டு குறைக்கும், பல சமயம் கூட்டிவிடும்.

விலையைப் பார்க்கும்போது ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தை மறக்கக்கூடாது. 399 என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது 471 ரூபாய். டேட்டா அளவு தாண்டினால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும், ரூட்டர் நமக்கா திருப்பித் தரணுமா, டெபாசிட் எவ்வளவு, வீடு மாறினால் லைனும் மாறுமா என்பதையும் கேட்டு வாங்கவேண்டும். ஆறு மாச காசை ஒண்ணா கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மாசம் மட்டும் மாசக்கணக்கில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கட்டுவதே புத்திசாலித்தனம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வருஷ பிளான் ஆகவே ஆகாது.

பிளே ஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் காரர்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி. பல கம்பெனிகள் நிறைய வீடுகளுக்கு சேர்த்து ஒரே ஐ.பி. நம்பரை பங்கு போடுகின்றன. இதனால் நண்பர்களுடன் சேர்ந்து ஆடும்போது 'நாட் டைப் ஸ்டிரிக்ட்' என்று வந்து பேச்சு கேட்காது, ரூமில் சேர முடியாது. தனி ஐ.பி. கொடுப்பார்களா, அதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டால் நல்லது.

பெற்றோர் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று. இங்கே சொன்னதெல்லாம் விளையாட்டுக்காக ஆடும் கேம்கள். பணம் கட்டி ஆடும் ஆன்-லைன் ஆட்டங்கள் வேறு ரகம். அவற்றைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. போட்டி விளையாட்டான இ-ஸ்போர்ட்சை அதே சட்டம் அங்கீகரிக்கிறது. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டிலேயே இ-ஸ்போர்ட்சுக்கு பதக்கம் கொடுத்தார்கள்.

லைன் போன பிறகு

பைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற சிவப்பு லைட் மின்னினால் வெளியே லைன் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ரூட்டரை நூறு தடவை ஆப் பண்ணி ஆன் பண்ணினாலும் வராது. மழைநீர் வடிகாலுக்கு தோண்டும் தெருக்களில் இது சகஜம். லைட் எரியாமல், ஆனால் பிங் மட்டும் எகிறினால் ஒயர் எங்கேயாவது மடங்கியிருக்கலாம். பைபரை செம்பு ஒயர் மாதிரி ஆணியில் சுற்றி மடக்கக்கூடாது, ஒளி கசிந்துவிடும். லைன்மேன் வந்தால் பவர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 27-ஐ தாண்டிப் போனால் லைன் பலவீனம், மாற்றித்தான் தரவேண்டும். கரண்ட் போனால் ரூட்டரும் போகும் என்பதால் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கி வைப்பவர்களும் அதிகமாகி வருகிறார்கள்.

புகார் சொல்லும்போது 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டிவிட்டு போய்விடுவார்கள். மூணு நாள் ராத்திரி 9 மணிக்கு பிங் நம்பரை ஸ்கிரீன் ஷாட் எடுத்து வைத்து, லேன் ஒயரில் குத்தியும் இப்படி வருகிறது என்று சொன்னால்தான் வேலை நடக்கும். புகார் நம்பரை எழுதி வைக்கவேண்டும். கஸ்டமர் கேரில் தீராவிட்டால் அதே கம்பெனியின் அப்பீல் பிரிவுக்கு போகலாம். டிராய் அமைப்பு தனிப்பட்ட புகார்களை விசாரிப்பதில்லை. காசு திருப்பித் தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம்.